கொடைக்கானல்ல நீச்சல் குளத்தோட வீடு வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

மலைல ஒரு வீடு, முன்னாடி பள்ளத்தாக்கு, ஓரத்துல நீலக் கலர்ல ஒரு குளம். போட்டோ பாத்ததுமே மனசு விழுந்துடும், எங்களுக்கும் அப்படித்தான். ஆனா வாங்குறதுன்னு இறங்கினப்ப ஒவ்வொரு ஆபீஸ்லயும் ஒவ்வொரு பேப்பர் கேட்டாங்க, புரோக்கர் ஒண்ணு சொன்னாரு, வக்கீல் ஒண்ணு சொன்னாரு, குளத்தப் பத்தி ரெண்டு பேருக்குமே ஒண்ணும் தெரியல. அதனால நாங்க அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டத வரிசையா எழுதிடுறேன். ஊட்டி, கோத்தகிரி, ஏற்காடு பக்கம் பாக்குறவங்களுக்கும் இதுல பாதிக்கு மேல பொருந்தும், ஆனா நீலகிரில சட்டதிட்டம் இன்னும் இறுக்கம்னு மனசுல வச்சுக்கோங்க.

விலை பேசுறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்விக்கு பதில் வாங்கிடுங்க. குளம் அப்ரூவல் ப்ளான்ல இருக்கா? குளத்துக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது? ரெண்டுல ஒண்ணுக்கு மழுப்பலா பதில் வந்தா அடுத்த வீட்டப் பாருங்க.

1. எந்த உயரத்துல வேணும்னு முடிவு பண்ணுங்க

கொடைக்கானல் டவுன் கிட்டத்தட்ட 7,000 அடி உயரம். டிசம்பர், ஜனவரில ராத்திரி ஒத்த இலக்கத்துக்கு வெப்பநிலை இறங்கும், ஏரிப் பக்கம் சில வருஷம் உறைபனியே விழும். அந்த ஊர்ல திறந்தவெளிக் குளத்துல சும்மா இறங்கிக் குளிக்க முடியாது, சூடு பண்ணியே ஆகணும். 1,000 அடி கீழ இறங்கினா சுமாரா 2 டிகிரி கூடும். பண்ணைக்காடு, தாண்டிக்குடி மாதிரி காப்பித் தோட்டம் இருக்குற கீழ்ப்பழனி மலைப் பக்கம் டவுன விட 5 டிகிரி வரைக்கும் வித்தியாசம் தெரியும். குளத்த நிஜமாவே பயன்படுத்தணும்னு நெனைக்கிறவங்க கீழ பாருங்க. ஏரி பக்கத்துலதான் வேணும், பேரிஜம் ரோட்டுப் பக்கம்தான் வேணும்னா குளம் வருஷத்துல பாதி நாள் அழகுக்குத்தான் இருக்கும்னு தெரிஞ்சே வாங்குங்க.

2. ஒரே வீட்ட ரெண்டு சீசன்ல போய்ப் பாருங்க

ஒண்ணு ஐப்பசி கார்த்திகை மழைல. இன்னொண்ணு சித்திரைல. மழைல போனா சுவர்ல எங்க ஊறுது, குளத்துக்குள்ள மண்தண்ணி வருதா, மேல் தோட்டத்துத் தண்ணி எந்த வழியா இறங்குதுன்னு எல்லாம் தானா தெரியும். ஏப்ரல், மே மாசம் போனா கிணத்துல எவ்வளவு தண்ணி நிக்குது, பக்கத்து வீட்டுக்கு எத்தனை லாரி வருதுன்னு தெரியும். வித்தாகணும்னு அவசரப்படுறவங்க பிப்ரவரிலதான் காட்டுவாங்க, மழையும் இல்ல, பஞ்சமும் இல்ல, எல்லாமே நல்லாத் தெரியும்.

இன்னொரு விஷயம், 2024 மே 7-லேர்ந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும், ஐகோர்ட் உத்தரவு. 2025 கோடை சீசன்ல ஒரு நாளைக்கு இத்தனை வண்டின்னு உச்சவரம்பும் வச்சாங்க. வீட்டு ஓனரா ஆனாலும் உங்க வண்டி மதுரை நம்பரா இருந்தா பாஸ் எடுத்துட்டுத்தான் ஏறணும். ஆன்லைன்ல இலவசமாக் கெடைக்கும், ஆனா நெனைச்ச நேரம் கெளம்பிடலாம்ங்கிற கணக்கு இங்க ஆகாது.

3. தண்ணி

இதுலதான் ரொம்ப பேர் மாட்டுறாங்க, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

8 மீட்டருக்கு 4 மீட்டர், சராசரி ஒண்ணேகால் மீட்டர் ஆழம்னு ஒரு சாதாரணக் குளத்த எடுத்துக்கோங்க. 40,000 லிட்டர். 5,000 லிட்டர் வண்டில எட்டு நடை. மலைல பெரிய டேங்கர் லாரி எல்லா சந்துலயும் நுழையாது, சின்ன வண்டிதான் வரும், சீசன்ல ஒரு நடையோட ரேட்டும் ஏறும், கூப்பிட்ட அன்னைக்கே வரவும் மாட்டாங்க. வீட்டப் பாக்கப் போறப்பவே பக்கத்துல விசாரிச்சு மே மாச ரேட்ட எழுதி வச்சுக்கோங்க.

நகராட்சித் தண்ணி குடிக்கத்தான், அதுவும் தினமும் வராது. போர் போட்டுக்கலாம் சார்னு ஈசியா சொல்வாங்க. மலைல போர் போடவும் ஜேசிபி எறக்கவும் கட்டுப்பாடு இருக்கு, அனுமதி இல்லாம வண்டி எறக்கினா பறிமுதல் வரைக்கும் போகும். ஏற்கனவே போர் இருக்குன்னா அதுக்கு அனுமதிக் கடிதத்தக் கேளுங்க.

ஓடைலேர்ந்து, ஊத்துலேர்ந்து பைப் இழுத்திருக்கிற வீடு நெறைய உண்டு. முப்பது வருஷமா வருதும்பாங்க. வரட்டும், அந்தப் பைப் யார் யார் நிலத்து வழியா வருதுன்னு கூடவே நடந்து போய்ப் பாருங்க. மேல் தோட்டத்துக்காரர் நாளைக்கு முடியாதுன்னா உங்க கைல என்ன பேப்பர் இருக்கு? கிரயப் பத்திரத்துல தண்ணி எடுக்குற உரிமை எழுதியிருக்கணும், வாய்ப்பேச்சு போதாது.

உருப்படியான வழி மழைத்தண்ணிதான். கொடைக்கானல்ல வருஷத்துக்கு 1,600 மில்லிமீட்டருக்குக் கிட்ட மழை பெய்யுது. 1,600 சதுர அடி கூரை, அதாவது 150 சதுர மீட்டர்னா, வீணாப் போறது போக 1,90,000 லிட்டர் வரைக்கும் பிடிக்கலாம். குளத்த நாலு தடவை நெரப்பலாம். சேத்து வைக்க தரைக்கடித் தொட்டி இருக்கான்னு பாருங்க. இருந்தா அந்த வீட்டுக்கு ஒரு லட்சம் கூடக் குடுத்தாலும் தப்பில்லன்னு நான் சொல்வேன்.

4. அப்ரூவல் ப்ளான்

கொடைக்கானல்ல அனுமதி இல்லாமக் கட்டினது, வீடுன்னு அனுமதி வாங்கி காட்டேஜா ஓட்டினதுன்னு எத்தனையோ கட்டிடத்துக்கு ஐகோர்ட் உத்தரவுல சீல் வச்சது எல்லாரும் பாத்ததுதான். வாங்குறவர் நல்லவரா கெட்டவரான்னு சீல் வைக்கிறவங்க பாக்க மாட்டாங்க, கட்டிடத்தத்தான் பாப்பாங்க.

கேட்டு வாங்க வேண்டியது: முத்திரை போட்ட ஒரிஜினல் ப்ளான், அனுமதி உத்தரவோட நகல், வரி ரசீது. டவுன்னா நகராட்சி, கிராமம்னா ஊராட்சி. கட்டிடத்தோட அளவையும் இடத்தையும் பொறுத்து திண்டுக்கல் டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்புத் துறை ஆபீஸ் வழியா ஹாகா அனுமதியும் தேவைப்பட்டிருக்கும். ஹாகான்னா மலைப்பகுதி பாதுகாப்புக்கு 1990-லேர்ந்து இருக்குற அமைப்பு. வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிமவளத் துறைன்னு ஒவ்வொருத்தரும் தடையில்லைன்னு எழுதிக் குடுத்த பிறகுதான் அதுல உத்தரவு வரும், மாசக்கணக்குல இழுக்கும். அதனாலதான் பல பேர் அத வாங்காமலே கட்டிடுறாங்க.

ப்ளான கைல வச்சுக்கிட்டு டேப்போட வீட்டச் சுத்தி வாங்க. குளத்த ப்ளான்ல தேடுங்க. சிலதுல குளமே இருக்காது, சிலதுல அந்த இடத்துல மழைநீர்த் தொட்டின்னு போட்டிருக்கும். அப்புறமா ரெகுலரைஸ் பண்ணிக்கலாம் சார்னா, நீங்களே பண்ணிக் குடுங்க, அப்புறம் வாங்கிக்கிறோம்னு சொல்லிட்டு எந்திரிச்சிடுங்க. கொடைக்கானல்ல அந்த "அப்புறம்" எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது.

சந்தேகம் இருந்தா தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க. பத்து ரூபா கட்டணம், 30 நாளுக்குள்ள பதில் குடுக்கணும். இந்த சர்வே நம்பர்ல என்ன அனுமதி குடுத்தீங்க, நோட்டீஸ், சீல் ஏதாவது உண்டா, நகல் வேணும்னு கேளுங்க. அக்ரிமெண்ட் போட்டுட்டு இத செய்யாதீங்க, பதில் வந்த பிறகு அக்ரிமெண்ட் போடுங்க.

5. நிலத்தோட பேப்பர்

இது சமவெளி மாதிரியேதான், சுருக்கமா சொல்றேன். வில்லங்கச் சான்று குறைஞ்சது 30 வருஷத்துக்கு, 1975-லேர்ந்து உள்ளது ஆன்லைன்லயே எடுக்கலாம். பட்டா, எஃப்எம்பி (நிலத்த அளந்து போட்ட) வரைபடம், ஏ-ரிஜிஸ்டர் (நிலம் யாருது, என்ன வகைன்னு இருக்குற வருவாய்த்துறைப் பதிவேடு) நகல், டவுன்னா டவுன் சர்வே நகல். தாய்ப்பத்திரம் எல்லாமே ஒரிஜினலா கண்ணால பாக்கணும், ஜெராக்ஸ காட்டினா ஒரிஜினல் ஏதோ பேங்குல இருக்குன்னே எடுத்துக்கோங்க.

மலைக்குன்னே தனியா பாக்க வேண்டியது நாலு இருக்கு. நிபந்தனைப் பட்டா, அதாவது அரசாங்கம் நிலமில்லாதவங்களுக்கோ பழங்குடி மக்களுக்கோ ஒப்படை செஞ்ச நிலமான்னு ஏ-ரிஜிஸ்டர்லயும் தாலுகா ஆபீஸ்லயும் கேளுங்க, அத வாங்கினா பணம் போனது போனதுதான். ரெண்டாவது காட்டு எல்லை, 2013-ல கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிச்ச பிறகு பக்கத்து நிலம் எல்லாத்துலயும் வனத்துறை கேள்வி கேக்கும். மூணாவது ஓடைப் புறம்போக்கு, குளமும் தடுப்புச்சுவரும் ஓடை எல்லைக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்குறது சர்வ சாதாரணம், சர்வேயர வச்சு அளந்துடுங்க. நாலாவது பாதை. மலைல பல வீட்டுக்கு அடுத்தவர் பேரிக்காய்த் தோட்டம் வழியாத்தான் வழி, பத்திரத்துல பாதை உரிமை இருக்கா, எத்தனை அடின்னு பாருங்க, தண்ணி வண்டி போற அகலம் வேணும்.

மரத்தையும் சொல்லிடுறேன். குளத்து மேல தைல மரமோ சீகை மரமோ நின்னு இலையாக் கொட்டிக்கிட்டு இருக்கும், வாங்கின பிறகு வெட்டிக்கலாம்னு நெனைப்பீங்க. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-லேர்ந்து இருக்கு, உங்க பட்டா நிலத்து மரமா இருந்தாலும் அனுமதி இல்லாம வெட்ட முடியாது. மரத்தோட சேத்துத்தான் வாங்குறீங்க.

6. குளத்தையும் சரிவையும் ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் பாக்கணும்

வீட்டுக்கு வேல்யுவேஷன் போட வர்ற பேங்க் எஞ்சினியர் குளத்த எட்டிக்கூட பாக்க மாட்டாரு. தனியா ஆள் கூட்டிட்டுப் போங்க, கோடி ரூபா குடுத்து வாங்குறப்ப அந்த பீஸுக்கு யோசிக்காதீங்க.

40,000 லிட்டர்னா 40 டன். அந்தப் பாரம் வெட்டின மண்ணுல நிக்குதா, கொட்டி நெரப்பின மண்ணுல நிக்குதாங்கிறதுதான் மொத கேள்வி. மலைச்சரிவுல வீட்டுக்குத் தரை சமப்படுத்துறப்ப மேல் பக்கத்த வெட்டி கீழ் பக்கம் கொட்டுவாங்க. வியூ நல்லா இருக்கணும்னு குளத்தக் கொண்டுபோய் அந்தக் கொட்டின ஓரத்துலதான் வைப்பாங்க. பாதி வெட்டுல பாதி கொட்டுல நிக்குற குளம் ஒரு பக்கம் எறங்கி நடுவுல வெடிக்கும். வெடிச்ச குளம் கசியும், கசிஞ்ச தண்ணி சரிவு மண்ண ஊற வைக்கும், ஊறின மண்ணு தடுப்புச்சுவரத் தள்ளும். 2009 நவம்பர்ல நீலகிரில மண்சரிவுல நாப்பது பேருக்கு மேல செத்தது ஞாபகம் இருக்கும், மழைத்தண்ணி ஊறினா சரிவு என்ன பண்ணும்னு அதுல பாத்தோம். குளம் கசிஞ்சா வருஷம் பூரா அங்க மழைதான்.

நீங்களே பாக்கக்கூடியது: தடுப்புச்சுவர் வயிறு தள்ளியிருக்கா, அதுல தண்ணி வெளியேற ஓட்டை விட்டிருக்காங்களா, சுவருக்குக் கீழ கோடைலயும் ஈரமா பச்சையா இருக்கா, குளத்து விளிம்பு ரசமட்டம் வச்சா ஒரே மட்டமா இருக்கா. கசிவுக்கு வாளி டெஸ்ட் பண்ணுங்க. ஒரு வாளில குளத்துத் தண்ணியையே நெரப்பி குளத்துப் படில வைங்க, வாளி உள் மட்டத்தையும் குளத்து மட்டத்தையும் மார்க் பண்ணி 24 மணி நேரம் விடுங்க. ரெண்டும் ஒரே அளவு குறைஞ்சா ஆவியாப் போனது, குளம் மட்டும் கூடக் குறைஞ்சா கசிவு. மோட்டார் ஓடுறப்ப ஒரு நாள், நிறுத்தி வச்சு ஒரு நாள் பண்ணினா பைப்லயா தொட்டிலயான்னு பிரிச்சுத் தெரிஞ்சுக்கலாம். குளத்தக் காலியா வச்சுத்தான் காட்டுவோம்னா நம்பாதீங்க, நெரப்பச் சொல்லுங்க, தண்ணிச் செலவ நீங்களே குடுத்தாலும் பரவால்ல. மழைக்காலத்துல காலியா விட்ட குளத்த அடியிலேர்ந்து நிலத்தடி நீர் மேல தூக்கிடும், அதுக்குன்னு தரையில ஒரு வால்வு வைக்கணும், இருக்கான்னு கேளுங்க.

உயரத்தால வர்ற சிக்கல் கொஞ்சம் உண்டு. 7,000 அடில காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்குறதுல முக்காலுக்குக் கொஞ்சம் மேலதான், அதனால மோட்டார் கீழேர்ந்து தண்ணிய உறிஞ்சுற திறன் குறையும். பம்ப் ரூம் குளத்து மட்டத்துக்கு மேல இருந்தா தொந்தரவு, கீழயோ சமமாவோ இருந்தா நல்லது. கேஸ் ஹீட்டரும் ஜெனரேட்டரும்கூட போர்டுல எழுதின அளவுக்கு வேலை செய்யாது. வெயில்ல புற ஊதாக் கதிர் கூட, குளோரின் சீக்கிரம் போயிடும், அது நிக்குறதுக்கு குளோரின் ஸ்டெபிலைசர்ங்கிற மருந்து போடணும். ஓடைத்தண்ணி, மழைத்தண்ணி ரெண்டும் சுண்ணாம்புச் சத்து இல்லாத மென்னீர், அது டைல்ஸுக்கு நடுவுல இருக்குற பூச்சையே கரைச்சுத் தின்னும். கால்சியம் 200 பிபிஎம்முக்குக் கீழ போகாம, பிஹெச் 7.2-லேர்ந்து 7.6-க்குள்ள வச்சுக்கணும். தோட்டக்காரருக்கு இது தெரியுமான்னு பேச்சுவாக்குல கேட்டுப் பாருங்க, குளத்த எப்படி வச்சிருந்தாங்கன்னு அவர் பதில்லயே தெரிஞ்சிடும்.

அப்புறம் காட்டுமாடு. சிரிக்காதீங்க. கொடைக்கானல்ல டவுனுக்குள்ளயே அது சுத்தும், ராத்திரி தண்ணி குடிக்க குளத்துக்கு வரும், ஒரு டன் வரைக்கும் எடை, உள்ள விழுந்தா வனத்துறையக் கூப்பிட்டுத்தான் எடுக்கணும். சுத்தி வேலி இல்லாத குளத்துக்கு வேலிச் செலவையும் விலையில கழிச்சுப் பேசுங்க. குழந்தைங்க இருக்குற வீட்டுக்கு அந்த வேலி எப்படியும் வேணும்.

7. சூடு பண்ற செலவு

அதே 40,000 லிட்டர் 15 டிகிரில இருக்கு, 27-க்குக் கொண்டுபோகணும். ஹீட்டர் ராடு மாதிரி நேரடி கரண்ட்ல 560 யூனிட். ஹீட் பம்ப்னா, அதாவது வெளிக்காத்துல இருக்குற சூட்ட எடுத்துத் தண்ணிக்குக் குடுக்குற மெஷின்னா, அதுல நாலுல ஒரு பங்கு, ஆனா வெளிக்காத்து ரொம்ப சில்லுனு இருக்குறப்ப ஹீட் பம்ப் திறன் கொறையும். இது ஒரு தடவை சூடு பண்ண. ராத்திரில 3 டிகிரி எறங்குதுன்னு வச்சா, தினமும் ஹீட் பம்ப்ல 35, 40 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 2,000 யூனிட்டத் தாண்டிடும், 1,000 யூனிட்டுக்கு மேல வீட்டு இணைப்புல யூனிட்டுக்கு 12 ரூபாய்க்குக் கிட்ட வரும், நீங்களே பெருக்கிக்கோங்க. குளத்து மேல கவர் போட்டா பாதியாக் கொறைக்கலாம், சூடு பெரும்பாலும் ஆவியாத்தான் போகுது. சோலார் நல்லதுதான், மூடுபனி நாள்ல கைவிட்டுடும்.

பழைய ஓனர்கிட்ட ஒரு வருஷ ஈபி பில்ல வாங்கிப் பாருங்க. த்ரீ பேஸ் இருக்கா, வீட்டு இணைப்பா கமர்ஷியலான்னும் பாருங்க. கமர்ஷியல்னா அங்க காட்டேஜ் ஓடியிருக்கு, நாலாவது படிக்குத் திரும்பப் போங்க.

8. அக்ரிமெண்ட், ரெஜிஸ்ட்ரேஷன், பணம்

விற்பனை ஒப்பந்தத்த ரெஜிஸ்டர் பண்ணிடுங்க, வெத்து ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்து வேண்டாம். காலம் நாலு மாசமாவது போடுங்க, பேங்க் லோன் வாங்குறவங்க ஆறு மாசம் போடுங்க, மலைச் சொத்துன்னா பேங்க் லீகல்ல கூடக் கேள்வி வரும். பம்ப், ஃபில்டர், ஹீட் பம்ப், கவர் எல்லாத்தையும் லிஸ்டா எழுதிச் சேருங்க, இல்லன்னா சாவி வாங்குற அன்னைக்கு ஹீட் பம்ப் நின்ன இடத்துல நாலு போல்ட்தான் இருக்கும். அனுமதிப் பேப்பர் பொய்னு தெரிஞ்சா அட்வான்ஸ் திரும்பணும்னு ஒரு வரியும் வேணும்.

முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. ஒரு கோடியே இருபது லட்சத்துக்குப் பதிஞ்சா 8.4 லட்சம், 2.4 லட்சம், மொத்தம் 10.8 லட்சம். பொண்ணுங்க பேர்ல பதிஞ்சா 1% குறையும்னு சொல்வாங்க, 2025 ஏப்ரல்ல வந்த அந்தச் சலுகை 10 லட்சம் வரைக்கும் உள்ள சொத்துக்குத்தான், குளத்தோட வீட்டுக்கு அது எட்டாது. கட்டிடத்தக் காட்டாம காலி மனைன்னு பதிஞ்சா மிச்சம்னு ஒருத்தர் காதுல ஓதுவாரு. பதிவுத்துறை நேர்ல வந்து பாக்கும், வித்தியாசத்த வசூல் பண்ணும், உங்க பத்திரம் பெண்டிங்ல கெடக்கும், அதுக்கும் மேல பத்திரத்துல இல்லாத வீட்டுக்கு நாளைக்கு எந்த பேங்கும் லோன் தராது. குளத்தையும் சேத்தே காட்டுங்க.

விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்தா, விக்கிறவருக்குக் குடுக்குற பணத்துல 1% டிடிஎஸ், அதாவது வருமானவரி பிடிச்சு நீங்க கட்டணும், அட்வான்ஸுக்கும் சேத்து. பணம் குடுத்த மாசம் முடிஞ்சு 30 நாளுக்குள்ள கட்டி படிவம் போடலன்னா ஒரு நாளைக்கு 200 ரூபா அபராதம். விக்கிறவர் வெளிநாட்டுல இருக்குறவரா இருந்தா இந்த 1% கணக்கு செல்லாது, ரொம்ப கூட பிடிக்கணும், பிடிக்காம விட்டா வருமானவரித் துறை உங்களத்தான் கேக்கும். கொடைக்கானல்ல வெளிநாட்டு ஓனர் கொஞ்ச நஞ்சம் இல்ல, அதனால அட்வான்ஸுக்கு முன்னாடியே ஆடிட்டரப் பாத்துடுங்க. அவங்க வேற ஒருத்தருக்கு பவர் (பவர் ஆஃப் அட்டர்னி) குடுத்து விக்கிறாங்கன்னா பவர் இன்னும் செல்லுபடியாகுதா, குடுத்தவர் உயிரோட இருக்காரான்னு வீடியோ கால்லயாவது பாத்துப் பேசிடுங்க.

9. சாவி வாங்கின பிறகு

பட்டா மாத்துறது, வீட்டு வரி, தண்ணி இணைப்பு, ஈபி நாலையும் ஒரே மாசத்துல முடிங்க. உட்பிரிவு இல்லாத முழு சர்வே நம்பரா இருந்தா பட்டா பதிவோடயே ஆன்லைன்ல மாறிடும், உட்பிரிவுன்னா சர்வேயர் வரணும், அதுக்குத் தனியா காத்திருக்கணும்.

வாடகைக்கு விட்டு குளத்துச் செலவ எடுத்துடலாம்னு கணக்குப் போடாதீங்க. குடியிருப்புன்னு அனுமதி வாங்கின வீட்ட ஆப்புல போட்டு நாள் வாடகைக்கு விட்டவங்களுக்குத்தான் மொதல்ல நோட்டீஸ் வந்துச்சு. விடணும்னா அதுக்கான அனுமதியோட விடுங்க.

குளத்து ஃபில்டர் கழுவுற தண்ணி எங்க போகுதுன்னும் மொத வாரமே பாத்துடுங்க. குளோரின் தண்ணி கீழ் வீட்டுக்காரர் கேரட் பாத்திக்குள்ள போச்சுன்னா சண்டை நிச்சயம், ஓடைக்குள்ள போச்சுன்னா புகார் நிச்சயம். தனியா ஒரு உறிஞ்சு குழி வேணும், அதையும் தடுப்புச்சுவருக்கு மேல் பக்கம் வெட்டாதீங்க, எஞ்சினியர் காட்டுற இடத்துல வெட்டுங்க.